உறைபனிக் காலத்தில் டென்டில் தூங்குவது எப்படி? தரையிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

மலையில் முதல்முறை டென்ட் போடுபவர்கள் இரவு பத்து மணிக்கு, "இவ்வளவுதானா குளிர்?" என்று சிரித்துக்கொண்டே படுப்பார்கள். மூன்று மணிக்கு ஒவ்வொருவராக எழுந்து கார் சாவியைத் தேடுவார்கள். நீலகிரியில் குந்தா பக்கம் நண்பர் ஒருவரின் மலைக்காய்கறித் தோட்டத்துக்கு டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் இதைப் பார்க்கிறேன்.

அவர்களிடம் பொருள் இல்லாமல் இல்லை. வரிசைதான் தலைகீழ். முதலில் நெருப்பு மூட்டுகிறார்கள், பிறகு தடித்த போர்வையைத் தேடுகிறார்கள், தரையைக் கடைசியில் நினைக்கிறார்கள், ஈரத்தை நினைப்பதே இல்லை. சரியான வரிசை இது: முதலில் தரை, அடுத்து ஈரம், அப்புறம் மேலே போர்த்துவது, எல்லாம் முடிந்த பிறகு சூடு.

இங்கே சொல்வதெல்லாம் 0 முதல் 8 டிகிரி வரை இறங்கும் இரவுகளுக்கு. நீலகிரி, கொடைக்கானல் மேல்மலை, மூணாறுக்கு மேலே உள்ள ஊர்கள் எல்லாம் இதில் அடங்கும். இமயமலையில் பனிமேல் படுக்கப் போகிறவர்களுக்கும் வரிசை இதேதான், பொருளின் கனம் கூடும். அங்கே உயரத்தால் வரும் உடல் உபாதை தனிப் பாடம், அதற்குள் நான் போகவில்லை.

1. கிளம்பும் முன்பே குளிரைக் கணக்குப் போடுங்கள்

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். கோவையில் விடியற்காலை 19 டிகிரி என்றால் ஊட்டியில் 7 டிகிரியை எதிர்பார்க்கலாம். இது பொதுக் கணக்கு.

வானம் தெளிவாக இருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. மேகம் ஒரு மூடி மாதிரி. அது இல்லாத இரவில் தரையின் வெப்பம் நேராக வானத்துக்குப் போய்விடும். நட்சத்திரம் இவ்வளவு தெரிகிறதே என்று மகிழ்பவர்களிடம், "இன்னொரு மேட் எடுத்துப் போடுங்க" என்றுதான் நான் சொல்வது.

போனில் தெரியும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். வானிலை நிலையங்கள் தரையிலிருந்து ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே உள்ள காற்றை அளக்கின்றன. நீங்கள் படுப்பதோ புல்மேல். தெளிந்த இரவில் புல்மட்டம் அந்தக் காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். அறிவிப்பில் 3 டிகிரி என்று இருக்கும்போதே புல்லில் உறைபனி வெள்ளையாக நிற்பது இதனால்தான். அறிவிப்பிலிருந்து ஐந்து டிகிரியைக் கழித்துவிட்டு, அதற்கேற்ப மூட்டை கட்டுங்கள்.

அனுமதி விஷயத்தையும் இப்போதே முடித்துவிட வேண்டும். காப்புக்காட்டில் அனுமதியின்றித் தங்குவதும் தீ மூட்டுவதும் குற்றம். தனியார் தோட்டம் என்றால் உரிமையாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இங்கே டென்ட் போட உள்ளூர் நிர்வாகம் விடுகிறதா? காட்டெருமையும் கரடியும் இரவில் எந்த வழியாக வந்து போகின்றன? இரண்டாவது கேள்விக்கு அவர் கையை நீட்டிக் காட்டும் பக்கத்தில் டென்ட் போடக்கூடாது.

2. மூட்டையில் என்ன இருக்க வேண்டும்

தரைக்கு: ஒரு தார்ப்பாய், ஆளுக்கு இரண்டு ஃபோம் மேட், இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள்.

உடலுக்கு: தூங்கும்போது மட்டும் போடும் உலர்ந்த உடை ஒரு செட். உள்ளே தெர்மல் (குளிருக்குப் போடும் உள்ளாடை), மேலே ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கைத் துணி) அல்லது கம்பளி ஸ்வெட்டர், தளர்வான கம்பளிக் காலுறை, மங்கி குல்லா. இந்த செட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைத் தனியாக வையுங்கள். சாயங்காலம் ஆசைப்பட்டு எடுத்து மாட்டிக்கொண்டால் இரவுக்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது.

போர்த்த: ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப் பை), அதற்குமேல் ஒரு கம்பளி. சூட்டுக்கு: மெடிக்கல் கடையில் கிடைக்கும் ரப்பர் ஒத்தடப் பை. இதோடு தலையில் மாட்டும் டார்ச், ஒரு பழைய துண்டு, ஊக்கு ஒரு அட்டை.

அடுப்பு கொண்டு போகிறவர்கள் கேஸ் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வெறும் பியூட்டேன் என்றால் சிக்கல். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில்தான் கொதித்து வாயுவாகும், எனவே விடியற்காலைக் குளிரில் அடுப்பு முணுமுணுத்துவிட்டு அணைந்துபோகும். புரொப்பேன் கலந்த டப்பா வாங்குங்கள். கிடைக்காவிட்டால் காலையில் பற்ற வைப்பதற்கு முன் டப்பாவைக் கொஞ்ச நேரம் ஸ்வெட்டருக்குள் வைத்திருங்கள். அதை நெருப்பில் காட்டிச் சூடாக்கப் பார்த்த ஒருவரை நான் ஓடிப்போய்த் தடுத்திருக்கிறேன்.

3. இடம்: பள்ளத்திலும் வேண்டாம், உச்சியிலும் வேண்டாம்

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது தண்ணீர் மாதிரிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் உறைபனி என்று செய்தி வரும்போது படத்தில் எந்த இடம் இருக்கிறது என்று கவனியுங்கள். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று தாழ்வான புல்வெளிகளாகவே இருக்கும். ஓடைக்கரை கண்ணுக்கு அழகுதான், ஆனால் குளிரும் ஈரமும் சேர்ந்து வந்து உட்காரும் இடம் அது.

குன்றின் உச்சிக்குப் போனால் காற்று. டென்ட் துணி இரவெல்லாம் படபடக்கும், உள்ளே சேர்ந்த வெதுவெதுப்பைக் காற்று துடைத்துக்கொண்டு போகும். சரிவின் நடுவில், பள்ளத்திலிருந்து ஒரு பத்து இருபது மீட்டர் மேலே சமதளமான ஒரு திட்டு கிடைத்தால் அதுதான் சரியான இடம். தேயிலை வரிசையோ வேலியோ காற்று வரும் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது.

தலைக்குமேல் ஏதாவது இருப்பதும் உதவும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் உறைபனிக் காலத்தில் பூஞ்செடிகள்மேல் கோத்தகிரி மிலார் செடிகளைப் போட்டு மூடிவைப்பார்கள். வெப்பம் வானத்துக்குப் போவதை அந்தத் தழை தடுக்கிறது. மரக்கிளையின் கீழே டென்ட் போட்டாலும், டென்டுக்கு மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டினாலும் நடப்பது அதேதான். கற்பூர மரத்தின் (யூக்கலிப்டஸ்) கீழ் மட்டும் வேண்டாம். காற்றே இல்லாத நாளில்கூடக் கிளை முறிந்து விழும் மரம் அது.

4. டென்ட்: ஜன்னலை மூடாதீர்கள்

வெளிச்சம் இருக்கும்போதே டென்டைக் கட்டி முடியுங்கள். இருட்டில் கட்டினால் வேர்க்கும். அந்த வேர்வை பிறகு என்ன செய்யும் என்பதை ஆறாவது பகுதியில் சொல்கிறேன்.

நான்கு பேர் டென்டில் இருவர் படுத்தால் விசாலமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் காலி இடத்தையும் உங்கள் உடல்தான் சூடாக்க வேண்டும். டென்ட் ஆட்களுக்கு நெருக்கமாக இருக்கட்டும்.

எல்லோருமே செய்யும் தவறு ஒன்று உண்டு. குளிருகிறதென்று எல்லா ஜிப்பையும் இழுத்து மூடுவது. இரண்டு பேர் எட்டு மணி நேரத்தில் மூச்சிலும் தோலிலும் சுமார் அரை லிட்டர் நீரை ஆவியாக விடுகிறார்கள். அது வெளியே போக வழியில்லாவிட்டால் டென்டின் உள்பக்கத்தில் துளித்துளியாகப் படிந்து, விடியற்காலையில் உங்கள் மேலேயே சொட்டும். "ராத்திரி மழை பெஞ்சுதா அண்ணே?" என்று கேட்டவர்கள் உண்டு. மழை பெய்யவில்லை, அவர்கள் விட்ட மூச்சுதான் அது.

மேலே உள்ள காற்று வழிகளைத் திறந்தே வையுங்கள். வாசல் ஜிப்பின் உச்சியில் ஒரு கை நுழையும் அளவு விடுங்கள். இதனால் உள்ளே ஒன்றிரண்டு டிகிரி குறையலாம். ஈரத்தில் படுப்பதைவிட அது எவ்வளவோ மேல். டென்டின்மேல் மழைக்காகப் போடும் மேல்விரிப்புத் துணி உள் டென்டைத் தொடாதபடி கயிறுகளை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தொடும் இடத்தில் ஈரம் உள்ளே இறங்கும்.

5. தரை: முழு நேரத்தையும் இங்கே செலவழியுங்கள்

ஸ்லீப்பிங் பேக் சூடு தருவதில்லை. அதன் பஞ்சுக்குள் சிக்கியிருக்கும் காற்று உங்கள் சூட்டைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. நீங்கள் படுத்ததும் முதுகுக்குக் கீழே உள்ள பஞ்சு நசுங்கி அந்தக் காற்று போய்விடுகிறது. அதாவது மைனஸ் பத்து டிகிரிக்கென்று வாங்கிய பையானாலும் உங்களுக்குக் கீழே அது வெறும் துணி. அந்தத் துணிக்கு அடியில் இரவு முழுக்கக் குளிர்ந்துகொண்டே போகும் மண்.

மூன்று மணிக்கு எழுந்தவர்களிடம் எங்கே குளிருகிறது என்று கேட்டுப் பாருங்கள். இடுப்பு, தோள்பட்டை, குதிகால் என்பார்கள். தரையை அழுத்தும் இடங்கள்தான் எல்லாம். அதற்கு மருந்தாக இன்னொரு போர்வையை எடுத்து மேலே போட்டுக்கொள்கிறார்கள்!

மேட்டுகளின் தடுப்புத் திறனை ஆர் மதிப்பு என்ற எண்ணால் சொல்வார்கள். எண் கூடக்கூடத் தரைக்கு வெப்பம் போவது குறையும். மலையேற்றக்காரர்கள் மடித்துக் கட்டிக்கொண்டு போகும் இரண்டு சென்டிமீட்டர் ஃபோம் மேட்டுக்குச் சுமார் 2. உறைபனி இரவுக்கு 3 முதல் 4 வரை வேண்டும். நல்ல விஷயம், இரண்டு மேட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இந்த எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். ஐயாயிரம் ரூபாய் மேட்டைத் தேடாமல் சாதா ஃபோம் மேட் இரண்டாக வாங்கச் சொல்வது இதனால்தான். வீட்டு யோகா மேட் மெல்லியது. மூன்றாவது அடுக்காகப் போடலாமே தவிர, அதை மட்டும் நம்பக்கூடாது.

காற்றடிக்கும் மெத்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு முறை குடும்பத்தோடு வந்த ஒருவர் அரையடி உயர மெத்தை ஒன்றை பம்ப் வைத்து அடித்து, எங்கள் ஃபோம் மேட்டைப் பார்த்துப் பாவப்பட்டார். இரவு ஒரு மணிக்குக் காரில் படுக்கப் போன முதல் ஆள் அவர்தான். அந்த மெத்தைக்குள் தடுப்பு எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் காற்று கீழே குளிர்ந்து, மேலே வந்து, உங்கள் சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி கீழே போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். கொண்டு வந்தே விட்டீர்கள் என்றால் ஃபோம் மேட்டை மெத்தையின் மேலே போடுங்கள், கீழே அல்ல.

விரிக்கும் வரிசை இது.

முதலில் கல், குச்சிகளைப் பொறுக்கிவிட்டுத் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் டென்டைப் போடுங்கள். மண்ணின் ஈரத்தைத் தடுக்க மட்டும்தான் தார்ப்பாய், குளிரை அது தடுக்காது. அதன் ஓரம் டென்டைவிட வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் உள்ளே மடித்துவிடுங்கள். நீட்டிய ஓரத்தில் விழும் பனிநீர் வழிந்து டென்டுக்கு அடியில் போய் நிற்கும்.

டென்டுக்குள் முதல் அடுக்காக அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுங்கள். அட்டையின் நெளிவுகளுக்குள் காற்று அடைபட்டிருக்கும், மளிகைக் கடையில் சும்மாவே கிடைக்கும். ஈரம் பட்டால் கூழாகிவிடும் என்பதால் டென்டுக்கு வெளியே வேண்டாம். காய்ந்த சருகை அள்ளிப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். சருகில் உண்ணி இருக்கும், அட்டையே போதும்.

அட்டைக்குமேல் ஃபோம் மேட் இரண்டு. அதற்குமேல் ஜமுக்காளமோ பழைய கம்பளியோ விரிக்கலாம். ஜமுக்காளத்தை நேராகத் தரையில் விரித்து அதுவே போதும் என்று இருப்பவர்கள் உண்டு. பருத்தி மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக் காலைக்குள் பிழியும் பதத்துக்கு வந்துவிடும். கோரைப்பாய் ஈரத்தை அவ்வளவு இழுக்காது என்றாலும் மெல்லியது.

பளபளக்கும் அலுமினிய விரிப்பு இப்போது எல்லோர் பையிலும் இருக்கிறது. உடம்பிலிருந்து கதிராகப் போகும் வெப்பத்தைத்தான் அது திருப்பி அனுப்பும். தரையை ஒட்டிக் கிடக்கும்போது வெப்பம் தொடுதல் வழியாகப் போகிறது, அங்கே அந்தப் பளபளப்புக்கு வேலையில்லை. அதைப் போர்த்திக்கொண்டு தூங்கினால் வேர்வை வெளியேறாமல் உள்ளே நனையும். அவசரத்துக்கு ஒன்று இருக்கட்டும், படுக்கையாக எண்ண வேண்டாம்.

எல்லாம் விரித்த பிறகு பத்து நிமிடம் வெறும் மேட்டில் படுத்துப் பாருங்கள். மேலே ஒன்றும் போர்த்தாமல், முதுகு மட்டும் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். முதுகு சில்லிட்டால் பையிலிருக்கும் மாற்று உடை, காலி பேக்பேக், காரின் கால்மிதி என்று கையில் கிடைத்ததை இடுப்புக்கும் தோளுக்கும் கீழே தள்ளுங்கள். வெளிச்சம் போன பிறகு இதைச் செய்ய யாருக்கும் மனம் வராது.

6. ஈரம்: படுப்பதற்கு முன் எல்லாவற்றையும் மாற்றுங்கள்

உள்ளாடை, காலுறை உட்பட எல்லாமே. "சட்டை காஞ்சுதானே இருக்கு" என்று எல்லோரும் சொல்வார்கள். பகலில் நடந்தபோதும் டென்ட் கட்டியபோதும் வேர்த்தது துணியில் இருக்கிறது. தொட்டால் தெரியாது. அது காய்வதற்கான வெப்பத்தை இரவில் உங்கள் தோலிலிருந்து எடுத்துக்கொள்ளும். பனியனும் ஜீன்ஸும் இதில் மோசம். பருத்தி வேகமாக ஈரத்தை இழுக்கும், லேசில் விடாது. கம்பளியும் ஃப்ளீஸும் சற்று நனைந்தாலும் காற்றைப் பிடித்து வைக்கும்.

குளிரில் நின்று உடை மாற்றுவது கொடுமைதான். இரண்டு நிமிடம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். மேல்பாதியை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் கீழ்ப்பாதி என்று பிரித்துக்கொண்டால் தாங்கும்.

காலுறையில் ஒரு எச்சரிக்கை. இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து மாட்டினால் கால் இறுகி ரத்தம் ஓடாது, விரல்கள் முன்பைவிடக் குளிர்ந்துபோகும். ஒன்றே போதும். உள்ளே விரல்களை நன்றாக அசைக்க முடிய வேண்டும்.

உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்ற பேச்சு உண்மையல்ல. தலையின் பரப்பளவு எவ்வளவோ கிட்டத்தட்ட அந்த அளவு, பத்தில் ஒரு பங்கு போல, அவ்வளவுதான் போகிறது. ஆனால் பையை விட்டு வெளியே நிற்கும் ஒரே பகுதி தலைதான். குல்லா கட்டாயம். மங்கி குல்லாவைக் கேலி செய்யும் இளவட்டங்கள் நள்ளிரவில் அதைக் கடன் கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

7. சாப்பாடு

ராத்திரிச் சாப்பாட்டைக் குறைக்கும் பழக்கத்தை ஒரு நாள் ஒதுக்கி வையுங்கள். ராத்திரி முழுக்கச் சூட்டை உண்டாக்குவது நீங்கள் சாப்பிட்டதுதான். சோறோ சப்பாத்தியோ வயிறு நிறைய, கூடவே நெய் அல்லது எண்ணெய் சேர்ந்த ஏதாவது ஒன்று. கொழுப்பு மெல்லச் செரித்து நெடுநேரம் தாங்கும். மூன்று மணிக்கு விழித்தால் வாயில் போட இரண்டு கடலைமிட்டாயைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மீதி உணவையெல்லாம் காரிலோ தோட்டத்து வீட்டிலோ பூட்டுங்கள், கரடிக்கு மூக்கு நன்றாக வேலை செய்யும்.

குளிருக்கு ஒரு ரவுண்டு என்பது ஏமாற்று. மது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருந்த சூடான ரத்தம் தோலுக்கு வருவதால் கதகதப்பாகத் தெரியும், ஆனால் அந்தச் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. நடுக்கம் எடுப்பதும் மட்டுப்படும். குடித்துவிட்டு மேல்துணி விலகிக் கிடந்தாலும் எழுந்து சரிசெய்யத் தோன்றாது.

8. பை, கம்பளி, போர்த்தும் விதம்

ஸ்லீப்பிங் பேக்கில் அச்சிட்டிருக்கும் எண் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். முறையாகச் சோதித்த பைகளில் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது சுகமாகத் தூங்கும் அளவு, இரண்டாவது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு, மூன்றாவது உயிர் தப்பும் அளவு. கடைக்காரர்கள் பெரிய எழுத்தில் போடுவது பல நேரம் மூன்றாவதை. நீங்கள் பார்க்க வேண்டியது முதல் எண்ணை. எது எந்த எண் என்று சரியாகத் தெரியாத மலிவுப் பை என்றால், 0 டிகிரி என்று போட்டிருந்தால் 10 டிகிரி வரைதான் தாங்கும் என்கிற மாதிரி, பத்து டிகிரி கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

உறையிலிருந்து எடுத்தவுடன் உள்ளே நுழையாதீர்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பையை விரித்து, நாலு உதறு உதறிப் போட்டுவைத்தால் பஞ்சு உப்பும். உப்பிய உயரம்தான் சூடு. இறகுப் பை என்றால் ஈரம் படாமல் இன்னும் கவனமாக இருங்கள். நனைந்த இறகு ஒட்டிப்போய் ஒன்றுக்கும் உதவாது.

பைக்குள் தடித்த ஜாக்கெட்டோடு நுழைவதும் இதே காரணத்தால் தப்பு. ஜாக்கெட் உள்ளிருந்து தள்ள, பஞ்சு நசுங்கும். தெர்மலும் ஃப்ளீஸும் போட்டு உள்ளே போங்கள், ஜாக்கெட்டை நெஞ்சுக்கு நேராக மேலே போர்த்துங்கள். கால்பக்கம் காலியாக இருந்தால் உலர்ந்த துணிகளைத் திணியுங்கள். பகலில் போட்ட ஈரத் துணியை அங்கே திணித்துக் காய வைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் கைவிடட்டும்.

பை இல்லாதவர்களுக்கு இரண்டு கம்பளி போதும், போடும் விதம் முக்கியம். முதல் கம்பளியை மேட்டின்மேல் பாதி விரித்து அதில் படுத்து, மறுபாதியை மேலே மடித்துப் போர்த்துங்கள். கால்பக்கத்தை உள்ளே மடித்துவிட்டுத் திறந்த ஓரத்தை ஊக்குப் போட்டு இணைத்தால் அதுவே ஒரு பை. அதன்மேல் இரண்டாவது கம்பளி. புரளும்போது முதுகுப்பக்கம் திறந்துகொள்வதுதான் போர்வையில் படுப்பவர்களுக்குக் குளிர்வதற்குப் பாதிக் காரணம். சென்னிமலைப் போர்வை வீட்டுக்கு நன்றாக இருக்கும். இங்கே உள்அடுக்காக மட்டும் பயன்படுத்துங்கள், மேலே போட்டால் பனிநீரைக் குடித்துவிடும்.

மூக்கும் வாயும் வெளியே இருக்க வேண்டும். தலையோடு மூடிக்கொண்டு உள்ளே மூச்சு விட்டால் முதல் அரைமணி நேரம் சொர்க்கம், அப்புறம் பஞ்செல்லாம் ஈரம். மூக்கு குளிர்ந்தால் மப்ளரை ஒரு சுற்று தளர்வாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

9. கடைசியாகத்தான் சூடு

இப்போது சூடு சேர்த்தால் அது தங்கும்.

ஒத்தடப் பையில் மூன்றில் இரண்டு பங்கு வெந்நீர் ஊற்றி, மேலே உள்ள காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், ரப்பர் கெடும். தலைகீழாகப் பிடித்து ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகினால் இதுவரை செய்ததெல்லாம் போச்சு. துண்டில் சுற்றித் தொடைகளுக்கு நடுவில் வையுங்கள். அங்கே பெரிய ரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகில் ஓடுவதால் சூடு உடலெங்கும் போகும். கால் மட்டும் குளிர்ந்தால் காலடியில் வைக்கலாம். வெறும் தோலில் வைக்க வேண்டாம், தூக்கத்தில் சுட்டது தெரியாது.

ஒத்தடப் பை இல்லையென்றால் ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டில். ஃபிளாஸ்க் சரிப்படாது, சூட்டை வெளியே விடக்கூடாதென்றே செய்தது அது. தண்ணீர் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டில் வெந்நீரில் சுருங்கி நெளிந்துவிடும்.

இதில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? ஒரு லிட்டர் நீர் 80 டிகிரியிலிருந்து 40க்கு இறங்கும்போது 40 கிலோ கலோரி தருகிறது. தூங்கும் உடல் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பம் ஏறக்குறைய 60 முதல் 70 கிலோ கலோரி. ஆக, பாட்டில் தருவது முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான உடல் சூடு. தூக்கம் பிடிக்க அது போதும், விடியும் வரை தாங்குவது மேட்டும் பையும்தான்.

உடல் சூட்டையும் கூட்டிக்கொண்டு உள்ளே போங்கள். குளிர்ந்த உடம்போடு பைக்குள் போனால் பை அந்தக் குளிரைத்தான் பாதுகாக்கும். படுக்கும் முன் இருபது முப்பது தோப்புக்கரணம். மூச்சு கொஞ்சம் வாங்கினால் நிறுத்திவிடுங்கள், வேர்க்கும் வரை போகக்கூடாது. பிள்ளையாருக்கும் கணக்கில் சேரும்.

10. டென்டுக்குள் கரி அடுப்பு: கூடாது

இதற்கு விதிவிலக்கு கிடையாது. பார்பிக்யூ முடிந்ததும் மிச்சக் கங்கு வீணாகிறதே என்று உள்ளே எடுத்து வைப்பார்கள். புகை இல்லை, தீ இல்லை, ஆபத்தில்லை என்று தோன்றும். கங்கிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். லேசான தலைவலி, அசதி, பிறகு தூக்கம். அசதியாக இருக்கிறது என்று படுத்தவர் எழுவதில்லை. மலை ஊர் விடுதி அறைகளில் இப்படி இறந்தவர்களைப் பற்றி நாளிதழில் படித்திருப்பீர்கள், டென்ட் அந்த அறைகளைவிட எவ்வளவோ சிறியது. கேஸ் அடுப்புக்கும் இதே விதிதான்.

அனுமதியுள்ள இடத்தில் வெளியே நெருப்பு மூட்டினால், டென்டிலிருந்து நன்றாகத் தள்ளி, காற்று போகும் பக்கத்தில் மூட்டுங்கள். படுப்பதற்கு அரைமணி நேரம் முன்பே தண்ணீர் ஊற்றி, கிளறி, சாம்பல் கையால் தொடும் பதத்துக்கு வரும் வரை அணையுங்கள். முன்பக்கம் வெந்து முதுகு விறைக்க உட்கார்ந்திருப்பதால் இரவுக்கு ஒரு பயனும் இல்லை. நெருப்பருகே வேர்த்துவிட்டு வந்து படுப்பவர்கள் நேராக ஆறாம் பகுதிக்குத்தான் திரும்புகிறார்கள்.

11. நடுராத்திரி விழித்தால்

சிறுநீர் முட்டினால் உடனே எழுந்து போய்விட்டு வாருங்கள். அதைச் சூடாக வைத்திருக்க உடம்பு சக்தியை வீணாக்குகிறது என்று ஒரு கதை சொல்வார்கள், அதில் சாரமில்லை. அடக்கிக்கொண்டு படுத்தால் தூக்கம் வராது, தூக்கம் வராமல் புரண்டால் போர்வை விலகும் என்பதே உண்மையான காரணம். வெளியே காலெடுத்து வைக்கும் முன் டார்ச்சை நாலா பக்கமும் அடித்துப் பாருங்கள், காட்டெருமை சத்தமில்லாமல் நிற்கும்.

குளிரால் விழித்தால் முதலில் எந்த இடம் என்று கண்டுபிடியுங்கள். முதுகென்றால் கீழே எதையாவது தள்ளுங்கள். காலென்றால் காலுறை ஈரமா என்று பாருங்கள். உடம்பு முழுக்க என்றால் கடலைமிட்டாயைத் தின்றுவிட்டு, பைக்குள்ளேயே கால்களை இறுக்கித் தளர்த்துங்கள், ஐந்து நிமிடத்துக்கு. அதிகாலை ஐந்து முதல் ஆறரை வரைதான் குளிரின் உச்சம். மூன்று மணிக்கே எல்லாக் கம்பளியையும் எடுத்துப் போட்டுத் தீர்த்துவிடாதீர்கள்.

சிறு பிள்ளைகளை நடுவில் படுக்க வையுங்கள். குளிர்கிறதென்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. கையை உள்ளே விட்டு வயிற்றையும் கழுத்தையும் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கை சில்லென்று இருப்பது சகஜம், வயிறு சில்லென்று இருந்தால் சரியில்லை.

12. இதற்குமேல் பொறுக்கக்கூடாது என்ற இடம்

நடுங்குவது உடல் போராடுகிறது என்பதற்கு அடையாளம். நடுக்கம் நிற்காமல் தொடர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஜிப்பை இழுக்கக்கூட விரல் வராவிட்டாலோ, நடை தள்ளாடினாலோ அது தாழ்வெப்பநிலை. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போயிருக்கலாம். இன்னும் குளிரில் இருக்கும்போதே நடுக்கம் தானாக நின்றுபோனால் நிம்மதி அடையாதீர்கள், நிலைமை மோசமாகியிருக்கிறது.

ஈரத் துணியைக் களைந்து உலர்ந்ததைப் போடுங்கள். தரையிலிருந்து பிரித்துப் படுக்க வையுங்கள். ஒத்தடப் பையைத் துணியில் சுற்றி நெஞ்சிலும் அக்குளிலும் வையுங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள், அங்கே தேங்கிய குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். நினைவு தெளிவாக இருந்து விழுங்கவும் முடிந்தால் மட்டும் சர்க்கரை போட்ட வெதுவெதுப்பான பால் அல்லது டீ. காரில் ஹீட்டர் போட்டு ஊருக்கு இறங்குங்கள், 108க்கு அழையுங்கள். சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதைச் சாயங்காலமே பார்த்து வைத்திருக்க வேண்டும். போனைப் பைக்குள் வைத்துத் தூங்கினால் குளிரில் பேட்டரி இறங்காது.

13. காலையில்

வெயில் வந்தவுடன் டீயைத் தேடிப் போகாமல், முதலில் பையை உள்வெளியாகத் திருப்பித் தேயிலைச் செடியிலோ கயிற்றிலோ போடுங்கள். இரவு நீங்கள் விட்ட ஈரம் அதில் இருக்கிறது. இன்னொரு இரவு தங்குவதானால் அந்த ஈரத்தோடுதான் படுக்க வேண்டியிருக்கும். மேட்டுகளைத் தூக்கி நிறுத்தி அடிப்பக்கத்தைத் துடையுங்கள். அட்டை நமத்திருந்தால் திரும்ப எடுத்துக்கொண்டு வந்து ஊரில் போடுங்கள், தோட்டத்தில் விட்டுவிட வேண்டாம்.

டென்டின் உள்பக்கத்தைப் பழைய துண்டால் துடைத்து, துணி காய்ந்த பிறகே மடிக்க வேண்டும். அவசரத்தில் ஈரமாகச் சுருட்டினால் வீட்டுக்கு வந்த அன்றே மொட்டை மாடியில் விரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த டிசம்பரில் பூஞ்சை வாசனையோடுதான் திறப்பீர்கள். ஸ்லீப்பிங் பேக்கைக் குட்டி உறையில் திணித்துப் பரணில் போடாதீர்கள். பெரிய தலையணை உறையிலோ அரிசிச் சாக்கிலோ தளர்வாக வைத்தால் பஞ்சு நசுங்காமல் இருக்கும்.